தொழிலும் கருவியும்: சிறிய மண்வாரி

சென்ற ஐப்பசித் திங்களில் மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு வாரத்தில், நாம் குடியிருக்கும் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் ஒன்றை வெட்டினார்கள். நம் நகரின் தெருக்கள் எத்தகையவை என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. போர்ட் பிளேயர் என்று வழங்கி, 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இவ்வூரில் சமநிலம் என்பது அரிய பொருள். ஹேடோவாயினும் ஜங்லிகாட்டாயினும் ஒரு வீட்டின் வாசற்படியும் அடுத்த வீட்டின் கூரையும் ஒரே மட்டத்தில் நிற்கக் காண்கிறோம். இத்தகைய சரிவான சந்து ஒன்றில், 60 மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டர் ஆழமும் கொண்ட கால்வாயை வெட்ட வேண்டியிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரும் இம்முயற்சி நடந்ததுண்டு. அப்பொழுது வேலையை ஏற்றிருந்தவர் சக்கரம் பூண்ட பெரிய இயந்திரம் ஒன்றை அனுப்பினார். நம்மவர் வாயில் 'ஜேசிபி' என்று வழங்கும் வகை அது. ஏழு, எட்டு டன் எடையும் இரண்டேகால் மீட்டர் அகலமும் உடைய அந்த இயந்திரம், தோண்டத் தொடங்குமுன் இருபுறமும் இரும்புக் கால்களை ஊன்றி நிற்க வேண்டும். நம் சந்தில் அதற்குக் காலூன்ற இடம் ஏது? திரும்பவும் வழியின்றிப் பின்னோக்கி வந்தபொழுது ஒரு வீட்டின் தாங்கு சுவரை இடித்தது. குடிநீர்க் குழாயையும் அறுத்தது. மூன்று நாள் தெருவில் தண்ணீர் இல்லை. வேலையும் நின்றுபோயிற்று.

இம்முறை வந்தது வேறொன்று. சிறு லாரியிலிருந்து இரண்டு சாய்வுப் பலகைகளின் வழியே மெல்ல இறங்கி, ரப்பர்ச் செயின்களின்மீது ஊர்ந்து, மாட்டுவண்டி நுழையாத சந்திற்குள் அது நுழைந்தது. தெருப் பிள்ளைகள் அதற்கு உடனே 'குட்டி ஹிட்டாச்சி' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அதன் அமைப்பு எத்தகையது, களத்தில் அது எவ்வாறு உழைத்தது, அதனால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்பவற்றை இத்திங்கள் நம் பகுதியில் ஆராய்வோம்.

முதலில் இதன் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். தண்டவாளமே இல்லாத இத்தீவில் ரயில் பயணச்சீட்டு எழுதும் வேலையில் இருக்கும் நமக்கு, மண்வாரி இயந்திரம் இருப்புப்பாதை வேலையோடு வளர்ந்தது என்பதை நினைக்கையில் ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது. அமெரிக்காவில் வில்லியம் ஓட்டிஸ் என்பவர் 1839-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற நீராவி மண்வாரி, ரயில் பாதைக்காகக் குன்றுகளை வெட்டுவதற்கே பயன்பட்டது. பின்னர் நீராவியின் இடத்தை எண்ணெய் எஞ்சினும், சங்கிலி, கயிறுகளின் இடத்தை எண்ணெயின் அழுத்தமும் பிடித்துக்கொண்டன. பிரான்சு நாட்டின் போக்லேன் நிறுவனம் 1951-இல் முழுதும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மண்வாரியைச் செய்தது. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் 1953-இல் முன்புறம் அள்ளவும் பின்புறம் தோண்டவும் வல்ல இயந்திரத்தைப் படைத்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளே 'ஜேசிபி' என்று நம் நாட்டில் மண்வாரிக்குப் பொதுப்பெயராகிவிட்டன. அவ்வாறே ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் பெயர், செயினில் ஊர்ந்து முழு வட்டம் சுழலும் வகைக்கெல்லாம் 'ஹிட்டாச்சி' என்று ஆயிற்று.

பெரியவை பெருகிய பின்னரும் நெருக்கமான இடங்களில் மண்வெட்டியும் கடப்பாரையுமே உழைத்தன. நெருங்கிய தெருக்களும் மலைச்சரிவுகளும் நிறைந்த ஜப்பானில்தான் இக்குறை மிகவும் உணரப்பட்டது. 1971-இல் தாக்கேயூச்சி என்னும் ஜப்பானிய நிறுவனம், வீட்டு அஸ்திவாரங்களைச் சுற்றிக் கையால் தோண்டி வந்த வேலைக்கு ஏற்றதாக, முழு வட்டம் சுழலும் சிறிய மண்வாரியை வெளியிட்டது. 1993-இல் யன்மார் நிறுவனம், சுழலும்பொழுது பின்புறம் வெளியே நீளாத வகையைக் கொணர்ந்தது. இவ்விரண்டாவது திருத்தம் நம் தெரு போன்ற இடங்களுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கீழே காண்க.

நிற்க. நம் தெருவுக்கு வந்த இயந்திரத்தின் எடை 1.7 டன். எஞ்சின் ஏறக்குறைய 16 குதிரைத்திறன் உடையது. நுழையும்பொழுது அதன் அகலம் ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. உள்ளே சென்றபின் இரு செயின்களையும் ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு விரித்துக்கொண்டு உறுதியாக நிற்கிறது. வாயிலில் ஒடுங்கி நுழைந்து, உள்ளே கால் பரப்பி அமர்வதே இதன் முதற்சிறப்பு.

ஒன்றே முக்கால் டன் எடையுள்ள இரும்பு, மழையில் ஊறிய மண்ணில் புதையாதோ என்று சிலர் ஐயுற்றனர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு செயினும் 23 சென்டிமீட்டர் அகலமுடையது. தரையைத் தொடும் நீளம் ஏறக்குறைய 120 சென்டிமீட்டர். இரண்டுக்குமாகச் சேர்த்து 5,520 சதுர சென்டிமீட்டர். 1,700 கிலோ எடையை இப்பரப்பில் பகிர்ந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.3 கிலோ அளவே விழுகிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கையில் ஒற்றைக் காலடியின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அவர் தரைமேல் சுமத்தும் பாரமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே, மனிதர் கால் புதையாமல் நடக்கக்கூடிய நிலத்தில் இவ்வியந்திரமும் பெரும்பாலும் ஊர்ந்து செல்லும்.

அடுத்து, அதன் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதைக் காண்போம். அடைபட்ட திரவத்தின்மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாய்ப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட விதியே இதற்கு அடிப்படை. எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயைச் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவான அழுத்தத்தில் உருளைகளுக்குள் செலுத்துகிறது. சைக்கிள் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் இது 50 மடங்கு. உருளைக்குள் இருக்கும் உந்துதண்டின் முகம் 6 சென்டிமீட்டர் குறுக்களவு உடையதாயின் அதன் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். உண்டாகும் விசை ஐந்தரை டன்னுக்கு மேல்!

ஆனால், மண்ணைக் கவ்வும் பக்கெட்டின் பல்நுனியில் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை டன்தான். மீதி எங்கே போயிற்று? அது வீணாகவில்லை. ஏற்றத்தில் துலாவின் ஒரு முனை சிறிது அசைய மறுமுனை நெடுந்தூரம் செல்வதுபோல, உருளை சிறிது நீள, பக்கெட் பெரிதாக வளைந்து வருகிறது. விசையைக் கொடுத்துத் தூரத்தை வாங்கிக்கொள்கிறோம். இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பல்நுனியின் விசை இயந்திரத்தின் எடைக்கு மிகவும் மிஞ்சுமாயின், மண் பெயர்வதற்குப் பதிலாக இயந்திரமே எழும்பிவிடும். எனவே, எடை, கையின் நீளம், விசை ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருந்த வைப்பதே இதனை அமைப்போர் செய்யும் அரிய காரியம்.

சந்தில் வேலை செய்வதற்கென்றே அமைந்த உறுப்புகள் மூன்று. முதலாவது, வெளியே நீளாத பின்புறம். பழைய வகைகளில் எடைகட்டும் இரும்பு பின்னே நீண்டிருக்கும்; ஓட்டுபவர் முன்னே பார்த்துத் திரும்புகையில் பின்புறம் சென்று சுவரிலோ மனிதர்மீதோ மோதும். புதிய வகையில், செயின்களை விரித்து நிற்கும்பொழுது, பின்புறம் அவற்றின் அகலத்துக்குள்ளேயே சுழல்கிறது. இரண்டாவது, இடமும் வலமும் தனியே திரும்பும் கை. இதனால் இயந்திரம் தெரு நடுவில் நிற்க, பக்கெட் மட்டும் சுவரையொட்டி நேராகத் தோண்டுகிறது. மூன்றாவது, முன்னே தாழும் தகடு. தோண்டும்பொழுது இது தரையில் ஊன்றிய காலாகிறது. முடிந்தபின் மண்ணைத் தள்ளிப் பள்ளத்தை மூடும் பலகையாகிறது.

எல்லா நன்மைக்கும் ஒரு விலை உண்டல்லவா? பின்புறத்தைக் குறுக்கியதால் எடைகட்டும் பாரம் நடுவை நோக்கி வந்துவிட்டது. ஆகவே, கையைப் பக்கவாட்டில் முழுதும் நீட்டிப் பெரும் பாரத்தைத் தூக்கினால் இவ்வகை எளிதில் சாயும். இவ்வியந்திரத்தை வாடகைக்கு அழைப்போர், 'மண் அள்ளத்தானே வந்தது, இந்தக் கருங்கல்லையும் தூக்கி வை' என்று ஆபரேட்டரை வற்புறுத்துவது பெரும் பிழை. சரிவில் செல்கையில் நேராக ஏறவும் நேராக இறங்கவும் வேண்டும், குறுக்கே ஊரலாகாது. பக்கெட் தரையருகே தாழ்ந்திருக்க வேண்டும். இருக்கைப் பட்டை கட்டியிருக்க வேண்டும்.

இனி, களத்தில் கண்டதைக் கூறுவோம். ஏட்டுக் கணக்கின்படி, ஒரு பக்கெட் 0.04 கன மீட்டர் கொள்ளும். ஐந்தில் நான்கு பங்கு நிரம்பி, நிமிடத்துக்கு மூன்று முறை அள்ளி, மணிக்கு 50 நிமிடம் உழைத்தால் 4.8 கன மீட்டர் மண் வெளியேறும். வெட்டிய மண் பொங்கும் இயல்புடையது. நிலத்தில் நான்கு கூடையாக இருந்தது வெளியே ஐந்து கூடையாகும். அதனைக் கழித்தால் மணிக்கு 3.8 கன மீட்டர் பள்ளம் உண்டாகும். நம் கால்வாயின் கொள்ளளவு 24 கன மீட்டர். ஆறேகால் மணியில் முடிந்திருக்க வேண்டும். எண்ணெய்ச் செலவு மணிக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர்.

உண்மையில் ஒன்றரை நாள் பிடித்தது. ஈரக் களிமண் பக்கெட்டில் அப்பிக்கொண்டு விழ மறுத்தது. அடிக்கடி நிறுத்தி வழிக்க வேண்டியிருந்தது. வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்காமல் தள்ளிக் கொட்ட, சந்தில் இடம் போதவில்லை. கூரிய கற்கள் ரப்பர்ச் செயினைக் கிழிக்காதபடி பலகை போட்டு நகர்த்தினார்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவு மழை பெய்யும் தீவில், உப்புக்காற்றும் உடன் சேர்ந்து, இரும்பு மூட்டுகளை அரிக்கின்றது. ஆகவே, நாள்தோறும் வேலை முடிந்ததும் நல்ல நீரால் கழுவி, ஒவ்வொரு பின்னுக்கும் கிரீஸ் அடைத்தல் இங்கே இன்றியமையாத கடமை. உதிரி உறுப்பு ஒன்று பழுதானால், 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டிச் சென்னையிலிருந்து வரும்வரை இயந்திரம் வெறுமனே நிற்கும் என்பதை மறக்கலாகாது.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். எண்ணெய்க் குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தால் அங்கிருந்து பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தோலைத் துளைத்து உட்புகுந்து கையையே இழக்கச் செய்யும். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டுமேயன்றி விரலை நீட்டலாகாது. இரண்டாவது, பள்ளம் பற்றியது. ஈர மண் ஒரு கன மீட்டர் 1.8 டன் அளவு கனக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் இறங்கலாகாது. இயந்திரம் விரைவாகத் தோண்டுவதால் ஆழமும் விரைவாக வளர்கிறது. அபாயமும் அவ்வாறே வளர்கிறது.

முதல் நாள் காலை முதல் இவ்வேலையைத் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். இராமநாதபுரம் சீமையிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்தவர். அவரும் அவருடன் மூவருமாகச் சேர்ந்து நகரெங்கும் பள்ளம் வெட்டிப் பிழைத்தவர்கள். சாதாரண மண்ணில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு நூறு கன அடி வெட்டுவது வழக்கம். நம் கால்வாய் 850 கன அடி. அதாவது எட்டரை ஆள் கூலி. முன்போல் நடந்திருந்தால் நால்வருக்கும் இரண்டு நாள் சோறு அது. அந்தக் கூலியை இயந்திரம் எடுத்துக்கொண்டது. இதனை மறைத்து இயந்திரத்தின் பெருமையை மட்டும் பாடுவது நேர்மையாகாது. 1858-இல் கைதிகள் குடியேற்றம் தொடங்கிய நாள் முதல் இத்தீவின் சாலையும் துறையும் மனிதரின் கையால் வெட்டப்பட்டவை. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இங்கே நூற்றுக்கு 15 பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். நம் குடும்பங்கள் பலவற்றின் முதற்சோறு மண்வெட்டியால் வந்தது என்பதை நாம் மறந்துவிடலாமா?

இரண்டாம் நாள் காலை, இன்னும் எட்டு மீட்டர் எஞ்சியிருக்கையில் ஆபரேட்டர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். கடலூர்ப் பக்கத்து இளைஞர், நிதானமானவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குழாய் அறுந்த கதையை அவர் கேட்டிருந்தார். ஒப்பந்தக்காரரின் வரைபடத்தில் குழாய் நேர்கோடாகக் காட்டப்பட்டிருந்தது. அவர் இறங்கி வந்து, "ஐயா, நீங்கள் இந்தத் தெருவில் பழையவர் என்கிறார்கள். குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியுமா?" என்று பெரியவரைக் கேட்டார்.

"அதைப் புதைத்தவனே நான்தானே தம்பி," என்றார் பெரியவர். "இந்தப் படிக்கட்டிலிருந்து மூன்று முழம் தள்ளிப் போகும். ஆனால் நேராகப் போகாது. இங்கே ஒரு பலா மரம் நின்றது. அதன் வேருக்காக வளைத்துப் போட்டோம்."

பலா மரம் வெட்டப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயின. அது நின்ற அடையாளமும் இல்லை. பெரியவர் காட்டிய இடத்தில் அவரும் மற்றொருவரும் மண்வெட்டியால் மெல்லத் திறந்தார்கள். குழாய் அவர் சொன்னபடியே வளைந்து கிடந்தது. நேர்கோட்டை நம்பிப் பக்கெட்டை இறக்கியிருந்தால் நடுவில் அறுந்திருக்கும். அதனருகே தொலைபேசிக் கம்பியும் இருந்தது. சென்னையிலிருந்து கடலடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்டு, 2020 ஆகஸ்டு 10-இல் தொடங்கப்பெற்ற கண்ணாடி இழைக் கம்பியால் நம் தீவுகள் தாயகத்தோடு பேசுகின்றன. கடலைத் தாண்டி வந்த செய்தி நம் தெருவில் ஒரு பக்கெட் பல்லால் அறுபடலாம் என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம். அந்த எட்டு மீட்டரும் கையாலேயே முடிந்தது. ஒப்பந்தக்காரர் இருவருக்கும் அன்றைய கூலியைக் கொடுத்தார்.

வேலை முடிந்தபின் பெரியவர் ஆபரேட்டரிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "என் பேரனை இதில் ஏற்றிவிட வழி உண்டா?"

வழி உண்டு. பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். முதலில் உதவியாளராக இருந்து கிரீஸ் அடைக்கவும், எண்ணெய் மட்டம் பார்க்கவும், வழிகாட்டிச் சைகை செய்யவும் பழக வேண்டும். இயந்திர ஓட்டுநர்க்குப் பயிற்சிச் சான்று அளிக்கும் உள்கட்டமைப்பு இயந்திரத் திறன் மன்றம் நாட்டளவில் உள்ளது. சான்று பெற்றவரை ஒப்பந்தக்காரர்கள் விரும்பி ஏற்பர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபொழுது பல தீவுகளில் படகுத்துறைகள் உடைந்தன. இருபது டன் இயந்திரத்தை அத்தகைய கரையில் இறக்குவது எளிதன்று. ஒன்றே முக்கால் டன் இயந்திரத்தைச் சிறு கலத்திலும் ஏற்றிச் செல்லலாம். நில நடுக்கம் மிகுந்த பகுதியில் வாழும் நமக்கு, இதனை ஓட்டத் தெரிந்த கைகள் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருப்பது தேவை. ஆயினும், பேரன் ஏறி அமருமுன் ஓராண்டேனும் பாட்டனாரோடு மண்வெட்டி பிடித்திருப்பானாயின் நன்று. மண்ணின் நிறம் மாறும்பொழுது கீழே முன்பு தோண்டிய இடம் உண்டு என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரத்தை அழைக்குமுன் சந்தின் அகலத்தை மிகக் குறுகிய இடத்தில் அளந்து சொல்லுங்கள். குழாயும் கம்பியும் செல்லும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து வையுங்கள். அவற்றின் இருபுறமும் கையால் வெட்டுவதற்கென்று இரண்டு ஆட்களின் கூலியை முன்கூட்டியே பேசி வையுங்கள். அதனைச் செலவென்று கருதற்க. அறுந்த குழாயின் விலையைவிட அது குறைவு.

அன்று மாலை பெரியவரின் திண்ணையில் ஒரு வெள்ளைத் தாளோடு அமர்ந்தோம். அவர் சொல்லச் சொல்ல நம் தெருவின் படத்தை வரைந்தோம்: எந்த வீட்டுப் படியிலிருந்து எத்தனை முழம், எவ்வளவு ஆழம், எந்த ஆண்டு. இருள் சூழ்ந்த பின்னரே முடிந்தது. அப்படத்தின் ஒரு பிரதி இப்பொழுது நம் சங்க அலுவலகத்தில் உள்ளது. ஒவ்வொரு தெருவிலும் இவ்வாறு பள்ளம் வெட்டிய பெரியோர் இருப்பர். அவர்கள் இருக்கும்பொழுதே கேட்டு எழுதி அனுப்புமாறு அன்பர்களை வேண்டுகிறோம். நம் தாளில், இல்லாத அந்தப் பலா மரத்தையும் ஒரு சிறு வட்டமாகக் குறித்திருக்கிறோம்.